காரும் கல்வேலியும்

யாழ்ப்பாண நகருக்கு மேற்கே பண்ணைக் கடலைத் தாண்டியதும் தீவகம் தொடங்குகிறது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னர் மற்றொரு தாம்போதியாற் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையிலே தெரு முடிந்துவிடுகிறது. நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்வோர், செல்வராயினும் வறியராயினும், இவ்விடத்திலே வண்டியை நிறுத்திவிட்டுப் படகேற வேண்டியவரே. ஆதலின் விடுமுறை நாட்களிற் குறிகட்டுவானில் நிரைநிரையாக நிற்கும் மோட்டார் வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் அங்கு போகலாம்.

நாம் போன வண்டி ஓர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். 1959ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வகை வண்டியின் உருவத்தை அமைத்துக் கொடுத்தவர் இத்தாலியரான பினின் பரீனா. பின்புறத்தின் இருமருங்கிலும் சுறாவின் செட்டை போல இரண்டு கூர்கள் எழுந்து நிற்கும். அமெரிக்க வண்டிகளைப் பார்த்து எழுந்த மோகம் அது. செட்டையை மெச்சியோரும் இருந்தனர். தெருவில் ஓடுவதற்குச் செட்டை எதற்கென்று நகைத்தோரும் இருந்தனர். கம்பனியார் அதே உடலைச் சிறுசிறு மாற்றங்களுடன் ஒஸ்ரின், மொறிஸ், எம். ஜி., வூல்ஸ்லி, றைலி என ஐந்து பெயர்களில் விற்றனர். 1961இல் வந்த அடுத்த கேம்பிறிட்ஜில் செட்டையைக் குறைத்துவிட்டனர்.

எமது சாரதியார் அறுபது வயதைத் தாண்டியவர். இவ்வரலாற்றை அவரிடம் எடுத்துரைத்தோம். "வடிவு ஆருக்கு வேணும் ஐயா? தொண்ணூறுக்குப் பிறகு இவன் மண்ணெண்ணெயிலை ஓடினவன்" என்றார். உண்மையே. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின்னர், சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவதே வழக்கமாயிற்று. மின்னணு நுட்பம் ஏதுமற்ற அப்பழைய இயந்திரங்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. அவ்வண்டிகள் இன்றளவும் இங்கு உலாவுவதற்கு அழகுணர்ச்சி காரணமன்று, அவசியமே காரணம் என்பதை ஒளிப்பிக்க வேண்டியதில்லை.

எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மொறிஸ் மைனர் நின்றது. 1948இல் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதை ஆக்கியபோது, கம்பனித் தலைவர் நவ்பீல்ட் பிரபுவுக்கே அது பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்தூற்றி வேகவைத்த முட்டை போலிருக்கிறதென்று முகஞ்சுளித்தாராம். அகலம் போதாதென்று கண்ட இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக இரு துண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்தார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் தழும்பே. பிரபுவின் ரசனையைப் பொருட்படுத்தாமல் அந்த முட்டை பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

இக்காலத்து வண்டிகளைப் பற்றிய சண்டையும் இத்தகையதே. 2020இல் பி. எம். டபிள்யூ. கம்பனியார் சில வண்டிகளின் முன்வலையை மூக்குத்துவாரம் போல நீட்டி அகட்டினர்; 2019இல் ரெஸ்லா கம்பனியார் தகரப்பெட்டியை மடித்தாற்போன்ற ஒரு வண்டியைக் காட்டினர். ஒரு சாரார் கைதட்டினர், மறுசாரார் கண்ணை மூடிக்கொண்டனர். 2020 தொடக்கம் 2025 வரை தனியார் வண்டிகளின் இறக்குமதியே இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்தபடியால், எம்மவர்க்கு அச்சண்டையில் முழுமனதாக ஈடுபடும் வாய்ப்புக் கிட்டவில்லை. நாட்டைப் பிளந்த வண்டி அலங்காரம் ஒன்று இங்கும் இருந்ததுண்டு. 1957இல் இலக்கத்தகட்டிற் புகுந்த சிங்கள ஸ்ரீ எழுத்து அது. அதைத் தார்பூசி அழித்தோரும் அழித்தோரைத் தண்டித்தோரும் வண்டியின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதனை ஈண்டு விரிப்பிற் பெருகும்.

வண்டியின் உருவம் பிடிக்காதவர் மறுபக்கம் பார்க்கலாம், வண்டியும் ஓடிப்போய்விடும். வீடும் வேலியும் அங்ஙனம் ஓடிப்போவதில்லை.

இதனை எமக்கு உணர்த்தியவர் எம்முடன் வந்த அன்பர் ஒருவர். நெடுந்தீவிற் பிறந்து அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்பவர். அவர் வாழும் குடியிருப்பில், வீட்டுடைமையாளர் சங்கம் என்றொன்று உண்டு. அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். வீட்டை வாங்கும்போதே சங்கத்தில் உறுப்பினராகிவிட வேண்டும். வேண்டாமென்று சொல்ல இயலாது. மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அப்பணத்திலேதான் உள்தெருவும் பூங்காவும் நீச்சற்குளமும் பேணப்படுகின்றன. குப்பை கிடப்பதில்லை, வீட்டின் விலையும் இறங்குவதில்லை என்று அன்பர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வேலியின் உயரம், புல்லின் நீளம், வாசலில் எவ்வகை வண்டி நிறுத்தலாம் என்பன யாவும் சங்கத்தின் சொற்படி. தண்டப்பணம் கட்டாது விட்டால் வீட்டின் மீதே உரிமை கோரவும் அவர்களுக்கு வழியுண்டு. எம் அன்பர் தம் வாசற்கதவுக்கு நீலம் பூசினார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. கதவு மீண்டும் மண்ணிறமாயிற்று. "என் காசு, என் கதவு" என்று கடற்காற்றில் இருமுறை உரக்கச் சொன்னார்.

நயினாதீவில் நாம் நெடுநேரம் தங்கவில்லை. நாகபூஷணி அம்மனைத் தரிசித்து, நாகவிகாரையின் வாயில்வரை நடந்து, அடுத்த படகில் திரும்பினோம். அச்சிறு தீவில் சங்கம் என்று தனியே ஒன்று வேண்டுமா என்பது எம் ஐயம். ஆனி மாதத் திருவிழா நெருங்கினால் ஊரின் ஒழுங்கைகள் தாமாகவே துப்புரவாகிவிடும் என்றார் ஒரு கடைக்காரர்.

ஊர்காவற்றுறையின் நிலை வேறு. முதல்நாள் அங்கு சென்றிருந்தோம். பாய்க்கப்பல் வணிகத்தாற் செழித்த துறை அது. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் கடல்கடந்து போயினர். நாற்சார் வீடுகள் கூரையின்றி நிற்கின்றன, சங்கடப்படலையில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. தீவக ஊர்கள் பலவற்றின் பெயரால் டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சங்கங்கள் இயங்குகின்றன. பாடசாலைக்குக் கட்டடம், வைத்தியசாலைக்குக் கருவி, கோயிலுக்குத் தேர் என அவர்கள் அனுப்பிய பணம் செய்த நன்மையை மறுப்பவன் நன்றியில்லாதவன். எனினும் ஊருக்குள் வாழ்பவனுக்குக் குடிநீர்க்குழாய் வேண்டியிருக்க, ஊரின் தலைவாசலுக்கு அலங்கார வளைவு வந்துசேர்வதும் உண்டு. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருப்போர் நிழற்படத்திற் காண்பது வளைவைத்தானே!

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணிநேரப் படகுப் பயணம். தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தின் கிடுகுவேலியும் கதியால்வேலியும் இங்கு அருமை. நிலத்திற் கிடக்கும் முருகைக்கற்களைச் சுண்ணாம்போ சீமெந்தோ சேர்க்காமல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வேலி கட்டியிருக்கின்றனர். காற்று அதனூடே புகுந்து போகும், வேலி சாயாது. கட்டாக்காலிக் குதிரையும் மாடும் பயிருக்குள் புகுவதை அது தடுக்கும். ஒரு கல் விழுந்தால் இரு பக்கத்தாரில் எவர் கண்டாரோ அவர் எடுத்து வைப்பார். அதற்கு விதி எழுதியவர் எவருமில்லை.

எம் அன்பர் வந்த காரியம் இவ்வேலியை உடைப்பதே. தந்தையாரின் காணியைச் சுற்றி ஏழடி உயரத்திற் சீமெந்து மதில் எழுப்பி, நடுவில் இரும்புப் படலை வைக்க எண்ணியிருந்தார். மேசனும் வந்திருந்தார். அதற்குள் சனசமூக நிலையத்துப் பெரியவர் இருவரும், அயற்காணி ஆச்சியும் வந்து நின்றனர். வேலியின் தென்மூலையில் ஆள் நுழையும் அளவில் ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியாகத்தான் ஆச்சி நாள்தோறும் அன்பரின் காணிக் கிணற்றுக்கு வருவார். நல்ல தண்ணீர் அருமையான ஊரில் அது நன்னீர்க் கிணறு.

"இங்கேயும் சங்கமோ?" என்றார் அன்பர், எம்மைப் பார்த்து. எமக்கு அவர்மீது இரக்கமும் உண்டாயிற்று; இருபது ஆண்டு பிறர் சொற்படி கதவுக்கு நிறம் பூசியவர், தன் மண்ணிலாவது தன் விருப்பம் நடக்குமென நம்பி வந்தவர் அன்றோ!

ஆச்சி உரத்துப் பேசவில்லை. "மோனை, உன்ரை உறுதியை எடுத்து வாசி" என்றார். கைப்பையிலிருந்து உறுதியின் பிரதி வெளிவந்தது. எல்லைகளைக் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் தெற்கெல்லைக் காணிக்கும் உரியன என்று அதில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் இவ்வாசகம் புதிதன்று. 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையின்படியே, காணி விற்கக் கருதுபவன் உரித்தாளிக்கும் பங்காளிக்கும், அக்காணியை ஈடுபிடித்த அயலானுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். தன் நிலம் முழுவதும் தனக்கே என்னும் எண்ணம் இம்மண்ணில் வேரூன்றியதேயில்லை. அதனால் விளைந்த தொல்லைகளும் சிறியனவல்ல. வேலி ஒரு சாண் நகர்ந்ததென்று மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்களை நாமே அறிவோம். ஆயினும் நீலக்கதவுக்குக் கடிதம் எழுதிய சங்கம் ஒரு காட்சியைக் காத்தது. ஆச்சி காத்தது தன் குடத்துத் தண்ணீரை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எமக்கு மனம் வரவில்லை.

பேச்சு ஒரு மணிநேரம் நடந்தது. ஆச்சி தேநீர் கொண்டுவந்தார், அதுவும் அக்கிணற்று நீரே. தெற்குப் பக்கத்துக் கல்வேலி அப்படியே இருப்பதென்றும், பொட்டை அகலமாக்கி இரண்டு படிக்கல் வைப்பதென்றும், தெருப்பக்கம் மட்டும் ஐந்தடி மதில் கட்டுவதென்றும் முடிவாயிற்று. மேசனுக்குக் கூலி குறைந்ததில் வருத்தம். இரும்புப் படலைக்கு என்ன நிறம் என்று பெரியவர்கள் கேட்கவில்லை. அன்பர் தாமாகவே நீலம் என்றார். "பூசு மோனை, ஆர் வேண்டாமெண்டது" என்று சொல்லிவிட்டு ஆச்சி குடத்துடன் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனார்.