முற்றமும் பச்சைக் கம்பளமும்

யாழ்ப்பாணத்து ஊர்களை உள்ளவாறு அறிய விரும்புவோர் பெருந்தெருவோடு நின்றுவிடாது ஒழுங்கைகளுக்குள் நுழைதல் வேண்டும். சுன்னாகத்திலிருந்து கிழக்கே புத்தூரை நோக்கிச் செல்லும் வழியில், கிடுகு வேலிகள் பெரும்பாலும் மதில்களாய் மாறிவிட்டன எனினும், படலை திறந்திருக்கும் வளவுகளில் பழைய முற்றங்களை இன்றும் நாம் காணலாம். கூட்டிப் பெருக்கிய செம்மண். அதன்மேல் ஈர்க்குமாற்றின் வரிகள். ஓரத்திலே ஒரு மாமரம். அடுத்த வீட்டிலோ, ஆனி ஆடி மாத வெயிலிலும் வாடாத பசும்புல் கண்ணைப் பறிக்கின்றது. கிட்டச் சென்று தொட்டுப் பார்த்தால் அது பிளாஸ்ரிக்!

செயற்கைப் புல்லை விரித்தோரைக் குறை கூற நாம் முற்படவில்லை. களிமண் வளவிலே வாழ்ந்தவர்களுக்கே அதன் தொல்லை தெரியும். மாரியில் வழுக்கும் சேறு. கோடையில் கால்விரல் நுழையும் வெடிப்பு. வலிகாமத்துச் செம்மண் ஒருவாறு நீரை உள்வாங்கும். வயற்கரைகளிலும் கடல்நீரேரி ஓரங்களிலும் உள்ள கடுங்களியோ நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீட்டிலே நாள்தோறும் முற்றங் கூட்டுவார் யார்? முற்றத்தின் அழகைப் புகழும் நாம், அவ்வழகுக்காகக் காலந்தோறும் குனிந்த முதுகுகள் பெண்களுடையவை என்பதை மறத்தல் நேர்மையன்று.

இச்செயற்கைப் புல் பெயர் பெற்ற கதை சுவையானது. அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் 1965 ஆம் ஆண்டு கூரையிட்ட பெரியதொரு விளையாட்டரங்கைத் திறந்தனர். ஒளிபுகும் கூரைத் தகடுகளின் ஒளியில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர் முறையிடத் தகடுகளுக்கு வர்ணம் பூசினர். வெயிலின்றிப் புல் மாண்டது. அடுத்த ஆண்டு செயற்கைப் புல்லை விரித்தனர். வெயில் இல்லாத குறைக்குப் பரிகாரமாய்ப் புகழடைந்த பொருளை, வெயிலுக்குக் குறைவே இல்லாத நம் குடாநாட்டிலே நாம் விரிக்கின்றோம்.

அதனால் விளைவது யாது? நண்பகலில் இப்புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டுவதை அளந்து கண்டுள்ளனர். வெறுங்காலோடு குழந்தை அதன்மேல் ஓட முடியாது. இன்னொன்று: களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே மேல்மண்ணை அகழ்ந்து, சல்லிக்கல் பரப்பி இறுக்கிய பின்னரே கம்பளத்தை விரித்தல் வேண்டும். வெறுங்களியின் மேல் விரித்தால் இரண்டொரு மாரிக்குள் அது மேடும் பள்ளமுமாகி, அடியிலே நீர் தேங்கும். சீமெந்துத் தளத்தின் மேல் ஒட்டினாலோ மழைநீர் ஒழுங்கைக்கே ஓடும்.

அங்ஙனமாயின் உண்மைப் புல்லே வளர்க்கலாமே எனின், அதற்கும் தடையுண்டு. புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தோர் அதனை உணர்வர். மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். குடாநாடு முழுவதும் இதுவே நிலை. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. சுண்ணக்கல்லின் உள்ளே, கடல்நீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்பதை மாணவர்கள் கணித்துப் பார்க்கட்டும். ஒரு பரப்பு நிலத்துப் புற்றரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல் இறைக்க நேரிடும். அழகுக்காக அத்தனை நீரா?

பழைய முற்றம் நீர் கேட்பதில்லை. மாறாக நீரைத் தருகின்றது. ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை எனக் கொண்டால், ஒரு பரப்பின் மேல் மூன்று இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழுகின்றது. அதில் ஒரு பகுதியேனும் மண்வழி இறங்கிக் கிணற்றைச் சேரும். நிலத்தில் விழுவது கிணற்றில் சேரும் என்பதற்கு வருந்தத்தக்க சான்றும் உண்டு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தை யாவரும் அறிவர். தேய்ந்து உதிரும் பிளாஸ்ரிக் துகளும் மழையோடு மண்ணையே சேரும்.

முற்றம் வெறும் வெளியுமன்று. ஒடியலும் மிளகாயும் உலர்வது அங்கே. இரவிலே பாம்பு ஊர்ந்திருந்தால் விடியலில் தடம் காட்டுவதும் அதுவே. தைப்பொங்கலன்று சாணகத்தால் மெழுகிக் கோலமிட்டு, அடுப்பு மூட்டிப் பானை வைப்பதும் முற்றத்திலன்றோ! பிளாஸ்ரிக் கம்பளத்தின் மேல் அடுப்பு மூட்டுவது எங்ஙனம்?

களிமண் வளவினர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. வாசலிலிருந்து படலை வரை கால்படும் வழிக்கு மட்டும் இடைவெளி விட்டுக் கல் பதித்தால் முதியோர் வழுக்கி விழார். எஞ்சிய களியைக் கொத்தி மணலும் மக்கிய இலைகுழையும் கலக்கலாம். மணலை மணற்காட்டிலிருந்து அளவின்றி அள்ளுவது அங்குள்ளோர் கிணற்றைக் கெடுக்கும். ஆதலின் இலைகுழையே மிகுதியாக இருக்கட்டும். நிலத்தை மெல்லச் சரித்து, மலசலகூடக் குழிக்கு எட்டத்தே நீர் இறங்க ஒரு குழி வெட்டலாம். கூட்டும் பரப்பைச் சிறிதாக்கி, ஓரங்களில் அறுகை நடலாம். கோடையிலே அது காய்ந்து பழுப்பாகும். ஐப்பசி மழைக்குத் தானே தளிர்க்கும். வெட்டுவதற்கு ஆள் தேடவும் வேண்டா. வீட்டு ஆடு பார்த்துக்கொள்ளும்.