நித்திரைக் கணக்கு

இரவு ஒன்றேகாலுக்கு நான் வேலை முடித்து வரும்போது பல்லரோச் சந்தையில் மரத்தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். மீன் கழுவிய தண்ணீர் கற்தெருவில் காயாமல் கிடக்கும். சந்துக்குள் திரும்பியதும் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன். மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் வெளிச்சம் தெரிந்தால் அக்காவின் மகள் இன்னும் படுக்கவில்லை என்று அர்த்தம். அநேகமாக ஒவ்வொரு நாளும் தெரியும்.

அவளுக்குப் பதினாறு வயது. லிசேயோவில் மூன்றாம் ஆண்டு. அங்கே எட்டு மணிக்கு முதல் மணி அடித்துவிடும். ஆறேகாலுக்கு எழும்பினால்தான் பஸ் பிடிக்கலாம். மார்கழி, தை மாதங்களில் பலெர்மோவில் சூரியன் வர ஏழு மணி இருபது நிமிடமாகிறது. பிள்ளை வீட்டை விட்டு இறங்குவது இருட்டில். அக்கா ஆறரைக்கே வீடு துப்புரவாக்கும் வேலைக்குப் போய்விடுவாள். அத்தான் சின்னவனை இழுத்துக்கொண்டு ஓடுவார். நான் முன் அறையில், குடும்பத்தின் வாடகையில் ஒரு பங்கு கொடுக்கிற தாய்மாமனாக, போர்வைக்குள் கிடப்பேன்.

இப்போதெல்லாம் பிள்ளை பிந்திப் போனால் ஒளிக்க முடியாது. மின் இடாப்பிலிருந்து தாயின் போனுக்குச் செய்தி போய்விடும். யாரோ ஒருவருடைய குளியலறையை உரஞ்சிக்கொண்டிருக்கும்போது அக்காவின் சட்டைப் பையில் அது நடுங்கும்: இன்று இரண்டாவது பாடத்துக்குத்தான் வந்தாள். போன தை முடிவதற்குள் அப்படி ஏழு செய்தி. ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். அக்காவின் இத்தாலி மொழி வீட்டு வேலைக்குப் போதும், ஆசிரியையோடு கதைக்கக் காணாது என்று என்னையும் கூட்டிப்போனாள். அந்த மனுசி மரியாதையாகத்தான் சொன்னா. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் பத்து மணி வரைக்கும் கண் திறந்திருக்கிறதே தவிர ஆள் வகுப்பில் இல்லை, இப்படியே போனால் வருடம் திரும்ப வேண்டி வரும் என்று.

படியிறங்கும்போது அக்கா மகளைப் பார்த்துக் கேட்டாள்:

“நீயும் மாமா மாதிரி அரைவாசியில நிக்கப்போறியோ?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துத்தான் சொன்னாளோ தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான். அதற்கான காரணங்கள் உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும்.

அன்று பின்னேரம் வேலைக்குப் போக முன்னர் மருமகளை இருத்தி வைத்து, தாய்மாமன்கள் வழக்கமாகச் செய்கிற பிரசங்கத்தைச் செய்தேன். போனை எட்டரைக்கு வை, ஒன்பதுக்குப் படு, விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பு, அந்த நேரம் படித்தால் மூளையில் ஒட்டும், உன்னுடைய அம்மா அப்படித்தான் படித்தவள், பாரதியாரே பாப்பாவுக்குக் காலையைத்தான் படிப்புக்கு ஒதுக்கினவர்...

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள், “மாமா, பாப்பாவுக்கு எத்தினை வயசு?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு விசயம் தெரிய வந்தது. அவர்களுடைய பள்ளியில் மாணவர் கூட்டம் நடக்கப்போகிறதாம். எட்டு மணியை ஒன்பதாக்க வேண்டும் என்று ஒரு பகுதி கேட்கிறதாம். இத்தாலியில் 1999 ஆம் ஆண்டின் தன்னாட்சி ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு இப்படியான விசயங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் தானே முடிவெடுக்க ஓரளவு இடமிருக்கிறது. ஒன்பது மணியின் பக்கம் பேச இவளைத் தெரிந்திருந்தார்கள். ஏழு தரம் பிந்தி வந்தவளை விட வேறு யார் அதற்குத் தகுதி!

கொப்பியை விரித்து எனக்கு வகுப்பெடுத்தாள். சின்னப் பிள்ளை விடிய எழும்பும். ஆனால் பருவமடைகிற காலத்தில் உடம்புக்குள் இருக்கிற மணிக்கூடு பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இருட்டினதும் நித்திரையைக் கொண்டுவருகிற மெலற்றோனின் என்ற சுரப்பு அந்த வயதில் பிந்தித்தான் ஊறுகிறது. அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் போன்றவர்கள் பல வருடமாக ஆராய்ந்து சொன்னது இது. அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேர நித்திரை வேண்டும். பதினொன்றரைக்குக் கண் சொருகுகிற பிள்ளையை ஆறுக்கு எழுப்பினால் கணக்கு எங்கே சரிவரும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014 இல், எட்டரைக்கு முன்னர் உயர்பள்ளியைத் தொடங்காதீர்கள் என்று கேட்டது. மினசோட்டாவில் ஈடைனா என்ற ஊர் 1996 இலேயே ஏழு இருபதை எட்டரையாக்கியது. கலிபோர்ணியா 2019 இல் சட்டம் போட்டு 2022 இல் நடைமுறைப்படுத்தியது. இத்தாலியிலும், காலணியின் குதிப் பக்கம் பிரிந்திசி நகரத்தில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் ஒரு வகுப்பை எட்டுக்கும் ஒரு வகுப்பை ஒன்பதுக்கும் ஒரு வருடம் வரச்செய்து பார்த்தார்கள். ஒன்பது மணிப் பிள்ளைகள் கூடுதலாக நித்திரை கொண்டார்கள், கவனமும் அவர்களுக்குத்தான் கூட. 2020 இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

“லைட்டை நூத்தாலும் மூளை நூராது மாமா” என்றாள் கடைசியாக. இத்தாலியில் பிறந்தவளுக்கு ‘நூர்க்கிறது’ என்ற சொல் தெரிந்திருக்கிறதே என்று அந்த நேரத்திலும் ஒரு சந்தோசம் வந்தது.

நான் விடியப்புறப் படிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அக்கா சாதாரணதரப் பரீட்சை எழுதியது 1994 மார்கழியில். எனக்கு ஆறு வயது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது 1990 இல். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைய மட்டும் எண்ணெய், ஒரு நூல் திரி. அதுதான் விளக்கு. எட்டு மணிக்கு அம்மா அதை ஊதி அணைத்துவிடுவா. பிறகு என்ன செய்வது? படுப்பதுதான். எட்டுக்குப் படுத்தவள் நாலுக்கு எழும்பினால் எட்டு மணி நேரம் நித்திரை கொண்டிருக்கிறாள்! கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, மிச்ச எண்ணெயில் ஒன்றரை மணித்தியாலம் படிப்பாள், வெளிச்சம் வரும். இதை ஒழுக்கம் என்று முப்பது வருடமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எண்ணெய் இல்லாதது என்று ஒருவரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. நான் அவளுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருப்பேன். வெளிச்சம் என் கண்ணில் படாதபடி ஒரு கொப்பி மட்டையை விளக்குக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருப்பாள். நடுவில் முழிப்பு வந்தால் அந்த மட்டையின் ஓரம் மட்டும் சிவப்பாகத் தெரியும்.

பள்ளிக்கூட நேரத்தை அரசாங்கங்கள் மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. மணியை மாற்றவில்லை, சூரியனையே மாற்றினார்கள். 1996 இல் மழையில்லை, நீர்மின்சாரம் இல்லை என்று வைகாசி 25 ஆம் திகதி இலங்கை முழுவதற்கும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளச் சொன்னது கொழும்பு. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணி பத்து வருடம் அப்படியே கிடந்தது. நாங்கள் சாவகச்சேரியில் அரை வருடம் அகதியாக இருந்துவிட்டு வலிகாமத்துக்குத் திரும்பிய கையோடு வந்தது இந்தப் புதுநேரம். மின்சாரமே இல்லாத எங்களுக்கு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. தை மாதத்தில் ஆறு மணி ரியூசனுக்குப் போகும்போது கும்மிருட்டாக இருக்கும். சென்றி தாண்டிப் போகவேண்டும். விடியும் மட்டும் நில் என்று அம்மா படலையில் மறித்து வைப்பா, வாத்தியார் பிந்தி வந்தாய் என்று வெளியில் விடுவார். நானும் ஒரு காலத்தில் இரண்டாவது பாடத்துக்குப் போனவன்தான்.

வன்னியில் புலிகள் புதுநேரத்தை ஏற்கவில்லை. 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் இருந்த சின்னம்மாவைப் பார்க்கப் போனோம். முகமாலையில் சோதனை முடித்து அந்தப் பக்கம் கால் வைத்தால் அரை மணி நேரம் இளமையாகிவிடுவோம். எதைச் சொன்னாலும், “உங்கட நேரமோ எங்கட நேரமோ?” என்று சின்னம்மா கேட்பா. இரண்டு நாளுக்காக மணிக்கூட்டைத் திருகுவதா என்று அம்மா திருகவேயில்லை. பிறகு 2006 சித்திரையில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகவேண்டியிருக்கிறது என்று பெற்றோர் முறைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். சித்திரையில் அரை மணி நேரம் திரும்பி வந்தது. ஆவணியில் ஏ9 மூடப்பட்டு ஊரடங்கு வந்தது.

இதையெல்லாம் மருமகளுக்குச் சொன்னேன். “இதையும் பேச்சில போடலாமா?” என்று கேட்டாள். போட்டாளோ தெரியாது.

அக்காவிடம் கதை எடுத்தபோது அவள் சண்டைக்கு வரவில்லை, கணக்குச் சொன்னாள். ஒன்பதுக்குத் தொடங்கினால் மூன்றுக்குத்தான் விடுவார்கள். இந்த ஊர் லிசேயோக்களில் சாப்பாட்டு மண்டபமா இருக்கிறது? மூன்றே முக்காலுக்கு வந்து எப்போது சாப்பிடுவது, எப்போது படிப்பது? எல்லாவற்றையும் விட, “நான் ஆறரைக்குப் போயிடுவன், அவர் ஏழரைக்குப் போயிடுவார். எட்டு மணிக்கு இவளை ஆர் எழுப்பிறது? நீயோ?”

இதற்குப் பதில் மருமகளின் கொப்பியில் இல்லை. புளோரிடா மாநிலத்தில் 2023 இல் எட்டரை மணிச் சட்டம் போட்டுவிட்டு, அது நடைமுறைக்கு வருமுன்னரே 2025 இல் நீக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கும் சாரதிக்கும் காசு வேண்டும், தாய் தகப்பன் வேலைக்குப் போகிற நேரம் இடிக்கும் என்பதுதான் அங்கேயும் சொன்னது. பிள்ளையின் உடம்பு ஒரு நேரம் சொல்ல, முதலாளியின் மணிக்கூடு வேறு நேரம் சொல்கிறது. ஆறரைக்கு வா என்கிற வீட்டுக்காரியிடம் அக்கா மெலற்றோனினைப் பற்றிக் கதைக்க முடியுமா?

ஞாயிறிலாவது பிள்ளை படுக்கலாமென்றால் அதுவும் இல்லை. மகளின் படிப்புக்கென்று சாந்தா ரொசாலியாவுக்கு அக்கா நேர்த்தி வைத்திருக்கிறாள். பலெர்மோத் தமிழரில் சைவக்காரர், வேதக்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் பெல்லெகிறீனோ மலை ஏறுகிறவர்கள்தானே. ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பிவிடுவாள். குகைக் கோயிலுக்குள் அந்தப் புனிதையின் சிலை படுத்த கோலத்தில் இருக்கிறது. ஒருநாள் கொட்டாவி விட்டபடி மருமகள் சொன்னாள்: “அஞ்சு மணிக்கு எழும்பி ஏறி வந்து, படுத்திருக்கிற ஆளைக் கும்பிடுறம்.” அத்தான் சிரித்ததற்கு அக்கா அவரோடு இறங்கும்வரை கதைக்கவில்லை.

“நீயோ?” என்று அக்கா கேட்டது எனக்குள் கிடந்து உருண்டது. ஏனென்றால் நான் வேறொரு கணக்கைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு அறையும் ஒரு குசினியும். ஒன்றில் அக்கா, அத்தான், சின்னவன். முன் அறையில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மருமகள், இந்தப் பக்கம் நான். ஒன்றேகாலுக்குக் கதவைத் திறக்கிறேன். சப்பாத்தைக் கழற்றுகிறேன். பொரித்த எண்ணெய் மணம் போகக் குளிக்கிறேன், பழைய குழாய் மாடு மாதிரிக் கத்தும். பிறகு குளிர்பெட்டி, கோப்பை, கரண்டி. அவள் வந்து சோற்றைச் சூடாக்கித் தருவாள். அன்றைக்குக் குசினியில் யார் யாரோடு சண்டை பிடித்தது என்று நான் கதை சொல்வேன், அவள் சிரிப்பாள். முழு நாளிலும் என்னோடு ஒருவர் தமிழில் சிரிக்கிற இருபது நிமிடம் அது. இரண்டு மணிக்குத்தான் அந்த வீடு அடங்குகிறது. போனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்குக் கண் சொருகுகிற பிள்ளை ஏன் இரண்டு மணி வரைக்கும் குசினியில் இருக்கிறது என்று நான் என்னைக் கேட்கவேயில்லை.

மாணவர் கூட்டத்தில் அவள் நன்றாகப் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். வாக்கெடுப்பில் ஒன்பது மணி வென்றது. பள்ளிச் சபை அதை எடுத்துப் பார்த்து, வெளியூரிலிருந்து வருகிற ஆசிரியர்கள், பஸ், மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றையும் யோசித்து, அடுத்த வருடம் பார்ப்போம் என்று வைத்துவிட்டது.

வேறு அறை தேடினேன். என்னுடைய சம்பளத்துக்குக் கிடைத்தவை எல்லாவற்றிலும் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். அக்காவுக்கும் என் வாடகைப் பங்கு தேவை. ஆகவே வேலையிடத்திலேயே சாப்பிடப் பழகினேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் கழுத்து வரைக்கும் கழுவிக்கொண்டு, உடுப்பை மாற்றிவிட்டு வருகிறேன். குளிப்பு காலையில்தான். மருமகளிடம் இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் ‘சரி’ என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

மாசியில் ஓர் இரவு. யன்னல் இருட்டாக இருந்தது. சப்பாத்தைப் படியிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திறப்பை இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பி உள்ளே போனேன். லைட் போடவில்லை. சுவரைத் தடவித் தடவி என்னுடைய பக்கத்துக்கு வந்து, கட்டில் கிரீச்சிடாதபடி ஒரு முழங்காலை முதலில் வைத்தேன்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“மாமா, இண்டைக்கு ஆர் சண்டை?”