சில்லுக்கும் காய்ச்சல் உண்டு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனித உடலின் வெப்பநிலை 98.4 டிகிரி பாரன்ஹீட் என்று படித்திருக்கிறோம். அதற்கு மேல் மூன்று நான்கு டிகிரி ஏறினாலே பாயில் படுத்துவிடுகிறோம். வானொலி முதல் விண்கலம் வரை இயக்குகின்ற சிலிக்கான் சில்லுக்கும் இப்படியோர் எல்லை உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சிலிக்கான் ஒரு குறைகடத்தி. சூடு ஏற ஏற அதனுள் கட்டவிழும் எலெக்ட்ரான்கள் பெருகுகின்றன. அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்னோட்டம் கசிகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இக்கசிவு இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. கசிவு சூட்டை வளர்க்கும். சூடு கசிவை வளர்க்கும். எனவேதான் தயாரிப்பாளர்கள் எல்லை வகுத்தனர். வணிகத் தரத்துக்கு 0 முதல் 70, தொழிற்சாலைத் தரத்துக்கு மைனஸ் 40 முதல் 85, இராணுவத் தரத்துக்கு மைனஸ் 55 முதல் 125 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகமும் ராக்கெட்டுகளுக்காக உருவாக்கி, 2025-இல் நாட்டுக்கு அறிமுகமான ‘விக்ரம் 3201’ இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இந்த எண்களின் பொருள் எனக்கு லப்பைக்குடிக்காட்டில், எங்கள் மோட்டார் கொட்டகையில்தான் விளங்கியது. செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடும் பெட்டி ஒன்றை அத்தா வாங்கிப் பொருத்தியிருந்தார். மாசி வரை ஒழுங்காக ஓடியது. சித்திரை பிறந்ததும், நண்பகலானால் நின்றுவிடும். மாலையில் தானே சரியாகிவிடும். பழுது பார்க்க வந்தவர் இருமுறை பணம் வாங்கிக்கொண்டு உள்ளிருந்த பலகையை மாற்றினார். கடலைச் செடி வாடியதுதான் மிச்சம். மூன்றாம் முறையும் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோது, பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே. ‘50 டிகிரி வரை’ என்றிருந்தது.

“நம்ம ஊர்ல அம்பது எங்கடா வந்துச்சு?” என்று கேட்டார் அத்தா.

நியாயமான கேள்வி. செய்தியில் 40, 41 என்றுதானே சொல்கிறார்கள்! ஆனால் அது நிழலில், காற்றோட்டத்தில் அளந்தது. தகரக் கூரையின் கீழ், மூடிய பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 57 காட்டியது.

சில்லின் உள்ளேயோ இன்னும் அதிகம். நம் ஆய்வகத்தில் கையாளும் 7805-ஐ எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகத் தருகிறது; 0.2 ஆம்பியர் ஓடுகிறது. மீதி 7 வோல்ட்டை 0.2-ஆல் பெருக்கினால் 1.4 வாட் வெப்பம். வெப்பத்தகடு இல்லாவிட்டால் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி ஏறும். அதாவது 91 டிகிரி. 25 டிகிரி அறையில் அதன் உள்வெப்பம் 116; எல்லையான 125-க்குள் அடங்கும். 40 டிகிரியிலோ 131! ஒரே சில்லு, ஒரே வேலை. குளிர்ந்த அறையில் பிழைக்கிறது, நம் ஊரில் தவிக்கிறது.

பெட்டியைக் கொட்டகையின் வடக்குச் சுவரில், வேப்பமர நிழலில் மாட்டினோம். மழை புகாதபடி அடியில் காற்றுத் துளைகள் இட்டோம். பெரிய செலவில்லை. சித்திரை முடியும்வரை மோட்டார் நிற்கவில்லை.

நண்பர்களே! தாளில் அச்சிட்ட எண்ணோடு நம் வெயிலையும் தகரக் கூரையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்குத் தெரியாத வீடுகளில் பணமும் பயிரும் வீணாகின்றன. வகுப்பில் கற்ற பெருக்கலையும் கூட்டலையும் அவ்வீடுகளுக்குக் கொண்டு செல்வோம்!