ராபியா பஸரிய்யா (ரஹ்): வரலாறும் கதையும்

நம் வீடுகளில் பெண்மக்களுக்கு இறைநேசர்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் வரும் பெயர்களுள் ஒன்று ராபியா பஸரிய்யா (ரஹ்). அடிமையாக விற்கப்பட்டார், இரவுத் தொழுகையில் அவர் தலைக்கு மேல் ஒளியைக் கண்ட எசமானர் விடுதலை செய்தார், ஹஜ்ஜுக்குச் சென்றபோது கஅபாவே எதிர்கொண்டு வந்தது. இவற்றைக் கேட்டே நானும் வளர்ந்தேன்.

இச்செய்திகள் ஃபரீதுத்தீன் அத்தார் பாரசீகத்தில் எழுதிய ‘தத்கிரத்துல் அவ்லியா’ வழியே பரவியவை. அம்மையார் மறைந்தது ஹிஜ்ரி 185 (கி.பி. 801). அத்தார் மறைந்தது ஏறத்தாழ கி.பி. 1221. இடையே நான்கு நூற்றாண்டுகள்.

அந்நூலில், ஹஸன் பஸரீ (ரஹ்) நீரின்மேல் விரிப்பை இட்டுத் தொழ அழைக்கிறார். அம்மையாரோ தம் விரிப்பைக் காற்றில் இட்டு, ‘நீர் செய்ததை மீனும் செய்யும், நான் செய்ததை ஈயும் செய்யும், உண்மையான பணி இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது’ என்கிறார். ஹஸன் (ரஹ்) மறைந்தது ஹிஜ்ரி 110இல். அப்போது அம்மையார் பதினைந்து வயதைத் தாண்டாத சிறுமி. அறிவிப்பாளரும் அவருடைய ஆசிரியரும் சமகாலத்தவரா என்று பார்ப்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த முறை. அதன்படி இது வரலாறன்று. பாடம் சொல்லும் கதை.

அவ்வாறாயின் எஞ்சுவது என்ன? அம்மையார் வாழ்ந்த காலத்திலேயே பஸராவில் இளைஞராக இருந்த அல்ஜாஹிழ் தம் எழுத்தில் அவரைக் குறிப்பிடுகிறார். வீட்டு வேலைக்கு ஒரு பணியாளை வாங்கித்தர அவருடைய குலத்தார் முன்வருமாறு கேட்கலாமே என்று சிலர் கூறினராம். உலகம் முழுவதும் எவனுக்குச் சொந்தமோ அவனிடம் உலகப் பொருளைக் கேட்கவே நாணும் நான், அது சொந்தமில்லாதவரிடம் எப்படிக் கேட்பேன் என்பது அவர் தந்த மறுமொழியின் கருத்து. இதில் ஒளியில்லை, பறக்கும் விரிப்பில்லை. ஆயினும் என் உள்ளத்தை அசைப்பது இதுவே.

வலிமார்களின் கராமத் உண்மை என்பது அஹ்லுஸ் ஸுன்னத்தின் கொள்கை. ஆனால், கராமத்தை நம்புவது வேறு. காதில் விழும் ஒவ்வொரு செய்தியையும் நடந்ததாக நம்புவது வேறு. நம் பிள்ளைகள் நாளை ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். கதையையே வரலாறென்று ஊட்டியிருந்தால், கதை உதிரும்போது அம்மையார் மீதுள்ள மதிப்பும் சேர்ந்து உதிரக்கூடும். கதையைக் கதையென்றே சொல்லி, அதன் பாடத்தையும் சொல்வோம். அவருக்கு அணிகலன் தேவையில்லை. அவர் வாழ்வே போதும்.

உண்மையை உண்மையென அறியும் பேற்றினை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.