பிள்ளையார் வாகனமும் நம்ம வீட்டு எலியும்



ஆலய அடுப்படியில அரிசி மூட்டை பார்த்துக்கிறவன் நான். அதனாலயோ என்னவோ, எலி விஷயம்னா நம்ம பக்தர்கள் என்கிட்டதான் வர்றாங்க. "அண்ணே, வீட்டுல எலி. பொறி வைக்கலாமா? பிள்ளையார் வாகனமாச்சே, பாவம் இல்லையா?" இன்னொரு கேள்வியும் கூடவே வரும். "எத்தனை பிடிச்சாலும் திரும்பத் திரும்ப வருதே, ஏன்?"

நான் குருக்கள் இல்ல, சாஸ்திரம் படிச்சவனும் இல்ல. எஸ்.பி.எம். முடிச்சுட்டு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலைக்குப் போனவன், இப்போ சூப்பர்வைசர். எங்க வீடு ஜார்ஜ் டவுன்ல பழைய வரிசை வீடு. எங்க வீட்டுலயும் இந்தக் கதை நடந்துச்சு. தெரிஞ்சதை எழுதுறேன்.

முதல்ல ரெண்டாவது கேள்வி.

எங்க லைன்ல ஒரே கோளாறு மூணு தடவை வந்தா, கெட்டுப்போன பொருளை எடுத்துப் போட்டுட்டு வேலையைத் தொடர முடியாது. லைனை நிறுத்தி "ஏன்" கேட்கணும். அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்". அப்படி அஞ்சு தடவை. ஜப்பான்காரங்க டொயோட்டாவுல ஆரம்பிச்ச பழக்கம் இது. எலிக்கும் நான் அதைத்தான் செஞ்சேன்.

ஏன் எலி திரும்ப வருது? உள்ள வர வழி இருக்கு. ஏன் வழி இருக்கு? பழைய வீடு, குழாய் போற இடம், கதவுக்குக் கீழ, கூரை விட்டம் சுவத்துல சேர்ற இடம் எல்லாம் இடைவெளி. சுண்டெலி நுழைய பென்சில் பருமன், அதாவது 6 மில்லிமீட்டர் போதும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். ஏன் நம்ம வீட்டைத் தேடி வருது? சாப்பாடு கிடைக்குது. எந்தச் சாப்பாடு? இங்கதான் நான் நின்னேன்.

அடுப்படி சுத்தமாத்தான் இருந்துச்சு. என் மனைவி ராத்திரி ஒரு சோத்துப் பருக்கைகூட விட மாட்டாங்க. எலிப் புழுக்கை கிடந்தது சாமி மேடைக்குப் பின்னால. அங்க என்ன இருக்கு? உடைச்ச தேங்காய் மூடி, வாழைப்பழம், வெள்ளிக்கிழமை வச்ச சர்க்கரைப் பொங்கல், பச்சரிசி, நல்லெண்ணெய், நெய். எலிக்கூண்டுல நாம மாட்டுறதே தேங்காய்த் துண்டுதான். அதே தேங்காயை விடிய விடிய சாமி முன்னாடி திறந்து வச்சா?

ஒரு நாள் காலையில அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. காமாட்சி விளக்குல திரியைக் காணோம். தேடிப் பார்த்தா, அலமாரிக்குப் பின்னால பழைய பேப்பர் கட்டு பக்கத்துல கிடக்கு. ஒரு நுனி கருகியிருக்கு. எண்ணெய் ஊறின திரி எலிக்குத் தின்பண்டம். அணைஞ்ச பிறகு இழுத்துச்சா, எரியும்போதே இழுத்துச்சா, யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுல மாடித் தரை பலகை, படி பலகை, விட்டம் எல்லாம் மரம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.

நம்ம புராணத்துல இப்படி ஒரு எலி இருக்கு. திருமறைக்காடு, இப்போ வேதாரண்யம்னு சொல்றோம். அந்தக் கோயில்ல அணையப் போற விளக்குல நெய் குடிக்க ஒரு எலி வந்துச்சாம். சுடர் மூக்கைச் சுட, அது திரியைத் தூண்டிவிட, விளக்கு பிரகாசமா எரிஞ்சுதாம். தெரியாம செஞ்ச புண்ணியத்துக்கே சிவபெருமான் அந்த எலியை மறுபிறவியில மகாபலிச் சக்கரவர்த்தி ஆக்கினார்னு கதை. அப்பர் சுவாமிகள் தேவாரத்துலயும் இது வருது. அம்மா எங்களுக்குச் சின்ன வயசுல சொன்ன கதைதான். அதனாலதான் எலிப்பொறின்னாலே அவங்க முகம் மாறும்.

அன்னைக்கு அம்மா அந்தத் திரியைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அப்புறம், "கோயில்ல கல்லு. இங்க பலகைடா"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல பொறியைப் பத்தி எதுவும் பேசல.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். எனக்குத் தோணுறதைச் சொல்றேன், குருக்கள்மார் திருத்தலாம். கஜமுகாசுரன் எலி உருவம் எடுத்து வந்தப்போ பிள்ளையார் அவனை அடக்கி, வாகனமாக்கி, மேல உக்காந்துக்கிட்டார். ஓடித் திரியட்டும்னு அவிழ்த்து விடல. எலியை அதோட இடத்துல நிறுத்துறது பிள்ளையாருக்கு விரோதம்னு நான் நினைக்கல. ஆனா சித்திரவதை பண்றது வேற. பசை அட்டையில ஒட்டிக்கிட்டு ராத்திரி முழுக்கக் கத்துற சத்தத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும். அதை நான் வாங்குறதில்ல.

விஷமும் வேணாம்னு சொல்வேன். பெரும்பாலான எலி மருந்து ரத்தத்தை உறைய விடாது. 1948ல எலி மருந்தா விற்பனைக்கு வந்த வார்பரின்தான் பிறகு மனுசனுக்கும் ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரை ஆச்சு. நம்ம பெரியவங்க சிலர் இன்னைக்கும் சாப்பிடுறாங்க. இந்த மருந்து தின்ன எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அதுக்குள்ள சுவத்து இடுக்குல, கூரைமேல போய்ச் செத்தா அந்த நாத்தத்தோட நீங்க சாமி கும்பிடணும். அந்த எலியைத் தின்ற பூனைக்கும் ஆபத்து.

கூண்டுல பிடிச்சு அடுத்த தெருவுல விட்டா? அது உங்க எலியை இன்னொருத்தருக்குக் கொடுக்கிற வேலை. அதைத் தர்மம்னு சொல்ல முடியாது.

வெறும் கொலைக் கணக்கும் உதவாது. 1902ல ஹனோய் நகரத்துல பிரெஞ்சுக்காரங்க ஆட்சி. பிளேக் பயத்துல, எலி வால் கொண்டு வந்தா காசுன்னு அறிவிச்சாங்க. வால் குவிஞ்சுது. அப்புறம் பார்த்தா ஊர்ல வால் இல்லாத எலி ஓடுது. வாலை மட்டும் வெட்டிட்டு குட்டி போட விட்டிருக்காங்க. காசுக்காக எலி வளர்த்தவங்களும் இருந்தாங்க. கடைசியில திட்டத்தையே நிறுத்திட்டாங்க. எலி பெருகினது புதுசா கட்டின பாதாளச் சாக்கடையில, ஆனா எண்ணினது வாலை.

சுண்டெலி 20 நாள்ல அஞ்சாறு குட்டி போடும். அந்தக் குட்டி ஆறு வாரத்துல தயார். நாம மாசம் ரெண்டு பிடிச்சு எப்போ முடியும்?

அதனால எங்க வீட்டுல வரிசை மாத்தினோம். ராத்திரி படுக்கும் முன்ன விளக்கைக் குளிர வச்சு, திரியை எடுத்து மூடி போட்ட டப்பாவுல போடுறது. நைவேத்தியம் காட்டி முடிஞ்சதும் பிரசாதம் எல்லாருக்கும் பகிர்ந்து, மீதி ஃபிரிட்ஜுக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இறுக்க மூடி போட்ட பாத்திரத்துல. அப்புறம் டார்ச் லைட்டோட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஓட்டை தேடினோம். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணிச்சு மேல சிமெண்டு. பிளாஸ்டிக், மரம், நுரை எதுவும் நிக்காது. எலிப் பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும், அது கடிச்சுத்தான் ஆகணும். கதவு அடியில தகரப் பட்டை. இவ்வளவும் முடிச்சு, உள்ள மாட்டிக்கிட்டதுக்குத்தான் உடனே முடிக்கிற அடிப்பொறி, சுவர் ஓரமா.

அப்படியும் வேலை பாதிதான். ஏன்னா எங்களுக்குத்தான் கதவு தனித்தனி, எலிக்கு அந்த வரிசை முழுக்க ஒரே வீடு. விட்டம் வழியா போகும், பின்சந்து சாக்கடை வழியா வரும். ஒரு பக்கம் சீனப் பாட்டி, இன்னொரு பக்கம் பலகாரம் செஞ்சு விக்கிற மக்சிக். இருபது வருஷமா சிரிச்சுக்கிட்டோம், எலி பத்திப் பேசினது இல்ல. அடுத்தவங்க வீடு அழுக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் கூச்சம். நான் போய் "எங்க வீட்டுல தீக்குஸ்"னு ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் அவங்கவங்க கதையைக் கொட்டிட்டாங்க. பாட்டி வீட்டுச் சாமி மேடையிலயும் ஆரஞ்சுப் பழம் கடிபட்டிருக்கு. சீனர் ராசியில எலிதான் முதல், "அதுக்காக என் பழத்தையா?"ன்னு சிரிச்சாங்க. மூணு வீடும் ஒரே ஞாயித்துக்கிழமை ஓட்டை அடைச்சோம், குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டோம். எட்டு மாசம் ஆச்சு. நடுவுல ஒண்ணே ஒண்ணு பொறியில விழுந்துச்சு.

உடம்பு விஷயம் ஒண்ணு, தயவுசெஞ்சு படிங்க. எலி மூத்திரத்துல இருந்து வர்ற லெப்டோஸ்பைரோசிஸ், நாம "கென்சிங் தீக்குஸ்"னு சொல்றது, காயம் பட்ட தோல், கண், வாய் வழியா நுழையும். 2017 நவம்பர்ல பினாங்குல வந்த வெள்ளம் மாதிரி சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தா இன்னும் கவனம். நாம வெறுங்காலோட நடக்கிற ஜனம். கால்ல வெட்டுக்காயம் இருந்தா தேங்கின தண்ணியில மிதிக்காதீங்க. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட "எங்க வீட்டுல எலி இருக்கு"ன்னு மறக்காம சொல்லுங்க. சீக்கிரம் போனா மருந்து இருக்கு. புழுக்கையைக் காய்ஞ்சபடி கூட்டாதீங்க, தூசியா மேல வரும். கையுறை போட்டு, ஒரு பங்கு குளோரோக்ஸ், பத்து பங்கு தண்ணி கலந்து ஊத்தி, அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, பேப்பரால துடைச்சுப் போடுங்க.

நம்ம ஆலயத்துக்கும் இதே பாடம்தான். அன்னதானம் முடிஞ்ச இலை, மீந்த சோறு அன்னைக்கே கட்டிப் போகணும். தைப்பூசத்துக்கு ரதம் வர்ற பாதையில நாம உடைக்கிற தேங்காயை அள்ள ஆள் வர்றாங்கதான். ஆனா சாக்கடைக்குள்ள தெறிச்ச துண்டை யாரு எடுப்பா? உடைச்ச கைதானே எடுக்கணும்?

அடுத்த மாசம் முதல் ஞாயிறு காலை 8 மணிக்கு ஆலயப் பின்சந்துல கோத்தோங் ரோயோங் இருக்கு. காலுக்கு பூட்ஸ் போட்டுட்டு வாங்க. இரும்பு நாரும் சிமெண்டும் நான் கொண்டு வர்றேன். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு வாங்க, எந்த மதமா இருந்தாலும் சரி. தேத்தண்ணியும் பசியாறலும் உண்டு.