கதவிடுக்கு எண்

ஜனவரியில் குவார்ட்ஸைட் போனால் பாலைவனம் கண்ணில் படாது, வண்டிகள்தான் படும். பீனிக்ஸுக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் உள்ள அரிசோனாச் சிற்றூர் அது. வடக்கின் பனிக்குத் தப்பி வருகிறவர்கள் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கி அங்கே அரசு நிலத்தில் தங்கலாம். பேருந்து அளவு வீடுகள், காருக்குப் பின்னால் இழுபடும் வீடுகள். என் கண் போனதெல்லாம் பிக்கப் டிரக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்த வீடுகள் மேல்தான். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் ஒரே பெட்டிக்குள். மூலைக்கொன்றாக நான்கு கால்களை இறக்கிவிட்டு டிரக்கை உருவிக்கொண்டு போய்விடலாம். சோளக்காட்டுப் பரண்போல வீடு மட்டும் நிற்கும்.

பாரம் சுமக்க இந்த மண்ணில் ஒட்டகத்தையே கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். 1856-இல் அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகங்களோடு வந்த ஹாஜி அலியின் கல்லறை இவ்வூரில்தான் இருக்கிறது: ஒரு சின்னப் பிரமிடு, உச்சியில் ஒட்டகம்.

பீனிக்ஸில் இருக்கும் என் கல்லூரித் தோழன் இப்படியொரு பழைய பெட்டியை வாங்கிவைத்துக்கொண்டு, அதைச் சுமக்கப் பழைய டிரக் தேடிக்கொண்டிருந்தான். ஊர் பார்க்க வந்த எனக்கு அவன் காட்டியதெல்லாம் டிரக் விற்பவர்களின் வாசல்களைத்தான். எனக்கொன்றும் குறையில்லை.

முதலில் ஒரு கறுப்பு ஃபோர்டு எஃப்-150. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, என் நெஞ்சு உயரத்துக்கு முகப்பு.

“யானையையே ஏத்தலாம்டா!”

அவன் ஓட்டுநர் கதவைத் திறந்து, இடுக்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து படித்தான். ஆளும் சரக்கும் சேர்ந்து 1,420 பவுண்டைத் தாண்டக் கூடாது. சுமார் 640 கிலோ. அவன் பெட்டியோ வெறுமையாகவே 2,800 பவுண்டு. நாற்பது காலன் தண்ணீர் நிரப்பினால் இன்னொரு 330. காஸ் சிலிண்டர், பாட்டரி, பாத்திரம், துணிமணி, கடைசியாக நாங்கள் இருவர். நாலாயிரத்தைத் தொட்டுவிடும்.

“மூடு கதவை. போலாம்.”

அந்த எண் வண்டிக்கு வண்டி மாறும் என்பதுதான் எனக்கு வியப்பு. ஒரே ஆண்டு, ஒரே மாடல். ஆனாலும் கண்ணாடிக் கூரையும் சொகுசு இருக்கையும் ஏற ஏற, சரக்குக்கான இடம் கழிகிறது. டீசல் எஞ்சின் இழுவையில் ராஜாதான், ஆனால் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். அதுவும் இதே கணக்கில்தான் விழும். ஆக, கொத்தனார் ஓட்டித் தேய்ந்த மொட்டை டிரக் பணக்கார டிரக்கைவிட அதிகம் சுமக்கிறது. “காற்றுப் பை மாட்டிக்கொள்ளுங்கள், தாங்கும்” என்றார் ஒரு விற்பனையாளர். அது தொங்கும் பின்புறத்தை நிமிர்த்துமே தவிர, ஆக்சிலுக்கோ டயருக்கோ பிரேக்குக்கோ வலு சேர்க்காது.

குதிரைப் பண்ணைகள் சூழ்ந்த விக்கன்பர்க்கில்தான் சரியானது கிடைத்தது. பின்னால் இரட்டை டயர், எட்டடித் தொட்டி, பெட்ரோல் எஞ்சின். குதிரை டிரெய்லர் இழுத்த கொக்கிக் குண்டு தொட்டியின் நடுவில் இன்னும் இருந்தது. வெயில் டாஷ்போர்டைப் பிளந்து, பெயின்ட்டையும் உரித்திருந்தது. தோழன் டார்ச்சோடு அடியில் புகுந்து வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. வட மாநிலங்களில் பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது சேஸிஸைத் தின்றுவிடும். இங்கே மேலே கருகியிருந்தாலும் அடி சுத்தம்.

இந்தக் கனரக வண்டியில் அந்தச் சுமை ஸ்டிக்கர் இல்லை. மொத்த எடை 13,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று மட்டும் இருந்தது. உரிமையாளரையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் நிற்கும் எடை மேடைக்குப் போனோம். முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாகச் சீட்டில் வந்தது. கூட்டினால் 7,300. பேரம் அதிகம் நீளவில்லை.

பெட்டிக்கு அடியில் டிரக்கைப் பின்னோக்கி நுழைக்கும்போது கிளீனர் வேலை எனக்கு. இருபுறமும் சில அங்குலந்தான் இடைவெளி. “வரட்டும், வரட்டும்… ஹோல்டான்!” பெட்டியின் எடை மையத்தைக் காட்டும் குறி பின் ஆக்சிலுக்கு முன்னால் விழுந்ததா என்று அவன் இரண்டு தடவை பார்த்தான். தண்ணீர் நிரப்பி, நாங்களும் ஏறி மறுபடி எடை போட்டபோது 11,300.

அப்படியே யூட்டாவுக்குக் கிளம்பினோம். அதன் தென்கிழக்கில் மோக்கி டக்வே என்று ஒரு சரளைச் சாலை, ஆயிரத்து நூறு அடிப் பாறைச்சுவரில் கொண்டையூசி வளைவுகளாக ஏறுகிறது. பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் ஏற வேண்டாம் என்பது மாநிலத்தின் எச்சரிக்கை. நான் எங்கள் எடைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் பேசாமல் பக்கத்திலிருந்த கூஸ்நெக்ஸ் பூங்காவுக்குத் திருப்பினான். சான் வான் ஆறு கீழே வளைந்து வளைந்து ஓட, விளிம்பில் இடம் பிடித்து, பெட்டியின் கால்களை இறக்கினோம். பிறகு வெறும் டிரக்கில், ஜன்னலைத் திறந்துவிட்டு, புழுதி கிளப்பிக்கொண்டு மேலே போனோம்.