அப்பா சொன்ன முன்பாரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு சின்ன ஐஸ் பெட்டி, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. வீட்டுக்கு அடியில் இரண்டு சக்கரம்! காரின் பின்னால் மாட்டி, போகிற இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகலாம். இங்கே ஆஸ்திரேலியாவில் இதைக் கேரவன் என்கிறார்கள்.

ஈப்போவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "என்ன தங்கச்சி, நத்தை மாதிரி வீட்டையே இழுத்துக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு முதல் பயணத்திலேயே அடங்கிப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதைப் பணக்காரர் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் 1989-இல் பெர்த் நகருக்குக் குடிவந்தவர்கள். நான் தாதியாக வேலை செய்தேன். அவர் ஒரு பட்டறையில் கணக்கு எழுதினார். பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றிய பிறகு, 2017-இல் எங்கள் சேமிப்பில் வாங்கியது இந்தப் பழைய கேரவன்.

விற்ற பெரியவர் நல்ல மனிதர். காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில் கேரவனின் மூக்கைப் பொருத்துவது எப்படி, கொக்கி சரியாக விழுந்ததா என்று ஆட்டிப் பார்ப்பது எப்படி, காப்புச் சங்கிலியை எங்கே மாட்டுவது, பின் விளக்குக்கு வயரை எங்கே செருகுவது என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் பாரம் உள்ள இழுவண்டிக்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கேரவன் சாமான்களோடு ஆயிரம் கிலோவைத் தாண்டும். கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டுதலே அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அப்படி ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. கடைசியாக அவர், "பாரத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம்" என்றார். நாங்களும் தலையை ஆட்டினோம். காதில் விழுந்ததே தவிர, மனத்தில் ஏறவில்லை.

செப்டம்பர் மாதம். இங்கே வசந்த காலம்; காடெல்லாம் பூ. பெர்த்திலிருந்து சுமார் 340 கிலோமீட்டர் தூரத்தில் ஹைடன் என்ற சிற்றூர். அங்கே கடல் அலை எழும்பி உறைந்தது போல ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது. அலைப்பாறை என்று பெயர். முதல் பயணம் அங்கேதான் என்று முடிவு செய்தோம்.

சாமான் அடுக்கியது நான்தான். கேரவனில் அடுப்படி பின்பக்கம் இருந்தது. ஆகவே அடுப்படிச் சாமான் எல்லாம் பின்னால் போயிற்று. பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், சட்டிப் பானைகள். வழியில் தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இருபது லிட்டர் தண்ணீர்க் கலம் நான்கு. இது போதாதென்று, மிளகாய் அரைக்க என் சின்ன அம்மிக்கல் வேறு! "அம்மி எதுக்கு?" என்று அவர் கேட்டார். "உங்களுக்குச் சம்பல் வேணுமா, வேணாமா?" என்றேன். பேசாமல் போய்விட்டார்.

காலையில் புறப்பட்டோம். மலை ஏறும் வரையில் ஒன்றும் தெரியவில்லை. புரூக்டன் போகும் சாலையில் ஓர் இறக்கம் வந்தது. வேகம் தொண்ணூறைத் தொட்டிருக்கும். எங்களை ஒரு பெரிய லாரி கடந்து போனது. அதன் காற்று வந்து அடித்ததுதான் தாமதம், கேரவன் பின்னால் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக ஆடியது, பிறகு பலமாக. இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு. காரின் பின்பகுதியையும் சேர்த்துப் பிடித்து உலுக்கியது. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவர் கையெல்லாம் வெளுத்துப்போய் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் முருகா முருகா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நல்ல வேளையாக அவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தியிருந்தால் கேரவன் காரையே மடக்கிப் புரட்டியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஓரமாக நிறுத்தினார். இருவரும் இறங்கினோம். அவர் கால் நடுங்கியது. "போதும். இப்படியே திருப்பிக்கிட்டுப் போய் வித்துடலாம். நமக்கு இது வேணாம்" என்றார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கேரவனைச் சுற்றி நடந்தேன். அதன் முன்மூக்கு சற்று மேல் நோக்கியும் பின்பக்கம் தாழ்ந்தும் இருந்ததைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வண்டிக்காரர். காட்டில் வெட்டிப் போட்ட ரப்பர் மரத்தை விறகாக ஏற்றி, ரப்பர் ஷீட்டு காயப் போடும் புகைக்கூண்டுக்குக் கொண்டு வருவார். எனக்கு ஏழு வயதில் அந்த வண்டியில் ஏறிப் போவதுதான் பெரிய சந்தோஷம். விறகு ஏற்றி முடித்ததும் அப்பா உடனே மாட்டைப் பூட்டமாட்டார். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பிறகு நான்கு கட்டையை முன்னால் தள்ளுவார், அல்லது பின்னால் இழுப்பார்.

"முன்பாரம் அதிகமானா மாட்டுக்குக் கழுத்து புண்ணாயிடும். பின்பாரம் ஆச்சுன்னா நுகம் மேலே தூக்கிக்கிட்டு மாட்டுக்குத் தொண்டை இறுகும். கொஞ்சம் முன்பாரம் இருக்கணும் ஆயி. அப்பத்தான் வண்டி மாட்டுக்கு அடங்கிப் போகும்" என்பார்.

நான் போய்க் கேரவனின் பின்கதவைத் திறந்தேன். தண்ணீர் எண்பது கிலோ, அரிசி, அம்மிக்கல், சட்டிப் பானை எல்லாம் வாலில் உட்கார்ந்திருந்தன. குற்றம் அவர் ஓட்டியதில் இல்லை. நான் அடுக்கியதில்தான்!

"ஏங்க, இது பின்பாரம்ங்க" என்றேன். அவர் ஈப்போ டவுனில் பிறந்தவர்; மாட்டு வண்டி ஏறி அறியாதவர். "என்ன பாரம்?" என்று விழித்தார். கேரவனைக் காரிலிருந்து கழற்றி, முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தில் நிறுத்தினோம். மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கையால் லேசாக வந்தது. ஆயிரம் கிலோ வண்டி அப்படி வரக் கூடாது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்கொக்கியில் உட்கார வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. அப்படியானால் சுமார் நூறு கிலோ. அதை ஒரு கையால் யார் தூக்க முடியும்?

ஒரு மணி நேரம் சாமான்களை மாற்றினோம். இரண்டு கலம் தண்ணீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றினேன். மீதி இரண்டையும், அரிசி மூட்டையையும் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரையோடு வைத்தோம். அம்மிக்கல்லும் அங்கேயே போயிற்று. மறுபடியும் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"இன்னும் ஒரு பத்து மைல் போய்ப் பார்ப்போம். ஆடினா வித்துடலாம்" என்றேன். எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினார். இன்னொரு லாரி கடந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கேரவன் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். பசு மாதிரி பின்னால் வந்தது.

மாலையில் ஹைடன் போய்ச் சேர்ந்தோம். அங்கே இன்னொரு சோதனை. கேரவனைப் பின்னோக்கி விட்டு நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போகிறது! நான் பின்னால் நின்று "வலது, வலது" என்று கத்த, அவர் "உன் வலதா, என் வலதா?" என்று கத்த, அக்கம் பக்கத்தார் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து வந்தார். "கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வை. கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. மெதுவாக" என்றார். இரண்டே தடவையில் நின்றது. குட்டை வண்டிதான் நீளமான வண்டியைவிடச் சீக்கிரம் மடங்குமாம்.

அலைப்பாறை 15 மீட்டர் உயரம், சுமார் 110 மீட்டர் நீளம். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். இரவு அம்மியில் அரைத்த சம்பலோடு சோறு. பிறகு அந்தச் சின்னக் கட்டிலில் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அப்பா 1974-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்துச் சட்டம் அதுதான். நாற்பது வருடம் மற்றவர் சாமானை ஏற்றி இறக்கிய மனிதர், தன் சாமானை ஒரு லாரியில் ஏற்றிவிட்டு, வாசலில் நின்று அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். சொந்த வீடு என்று ஒன்றைப் பார்க்காமலே கண்ணை மூடினார். அவர் பெண் இன்று தன் சொந்த வீட்டைத் தானே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாள். அதுவும் அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தால்தான் உயிரோடு சுற்றுகிறாள்.

நம் ஊரில் பசார் மாலத்துக்குக் கடைவண்டி இழுத்துப் போகும் தம்பிமார்களும், லாரிக்குப் பின்னால் சாமான் வண்டி கட்டும் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். கேஸ் தோம்பையும் தண்ணீரையும் வாலில் வைக்காதீர்கள். பூட்டுவதற்கு முன்னால் மூக்கை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா நுகத்தைத் தூக்கிப் பார்க்கிறப்ப நானும்தான் பக்கத்துல நின்னேன். நீதான் கவனிச்சிருக்கே" என்றார்.

கேரவனை நாங்கள் விற்கவில்லை.